பொருநைக் கரையில் நாம்: ஆற்றோடும் அண்டை வீட்டாரோடும் வாழ்ந்த வரலாறு

 

ஆண்டறிக்கை என்றதும் வரவு செலவுக் கணக்கே நம் நினைவுக்கு வரும். சந்தா எவ்வளவு வந்தது, மராமத்துக்கு எவ்வளவு ஆனது, நோன்புக் கஞ்சிக்கு எத்தனை மூட்டை அரிசி சேர்ந்தது என்று பார்ப்பது நம் கடமை. அதுபோலவே, நாம் வாழும் ஊர் நமக்கு என்ன தந்தது, நாம் ஊருக்கு என்ன செய்தோம் என்று எப்போதாவது ஒரு கணக்குப் பார்ப்பதும் நன்று. அந்த எண்ணத்திலேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்தது ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர் என்பதாலும், நவதிருப்பதிகளுள் ஒன்று என்பதாலும் வைணவ சமயத்தார் இவ்வூரைத் தலைமேற் கொண்டு போற்றுகின்றனர். ஆதிநாதர் கோயிலின் உறங்காப் புளியமரத்தைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். வைகாசித் திருவிழாவில் ஒன்பது கருட வாகனங்கள் ஒருங்கே எழுந்தருளும் நாளில் ஊர் கொள்ளாத கூட்டம் சேரும். வண்டி பிடித்து வருவோர், கடை விரிப்போர், தண்ணீர்ப் பந்தல் வைப்போர் என்று ஊரே பரபரப்பாக இருக்கும் அந்நாளில், எந்தச் சமயத்தைச் சேர்ந்த கடைக்காரருக்கும் வியாபாரம் உண்டு. சிறு நகரத்தின் வாழ்க்கை இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றது.

ஒரு புகைவண்டிப் பாதை சொல்லும் செய்தி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923ஆம் ஆண்டு இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையின் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். ஆழ்வார் பெயரால் ஓர் ஊர். ஈசா நபி (அலை) அவர்கள் வளர்ந்த ஊரின் பெயரால் ஓர் ஊர். பள்ளிவாசல்கள் நிறைந்த காயல். முருகன் கோயில் கொண்ட செந்தூர். ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இத்தனையும் வந்து விடுகின்றன. அந்தப் பெட்டியில் ஒரே பலகையில் அமர்ந்து பயணம் செய்பவர்கள்தாம் நம் வட்டாரத்து மக்கள். நல்லிணக்கம் என்று மேடைகளில் பேசப்படுவது இங்கே நாள்தோறும் பயணச்சீட்டு எடுத்து ஏறி இறங்குகின்றது.

ஆறு கொண்டுவந்த வாழ்வு

நம் சமுதாயம் இக்கரையில் காலூன்றிய வரலாறும் இந்த ஆற்றோடு சேர்ந்ததே. பழம் பாண்டியரின் கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ள, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. வாணிகம் காயலுக்கு நகர்ந்தது. பின்னர் அக்காயலும் பழையகாயலாகிக் கடலை விட்டு விலகியது. கால்டுவெல் ஐயர் கொற்கையையும் பழைய காயலையும் நேரில் ஆராய்ந்து, 1881ஆம் ஆண்டு வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் இதை விளக்கியிருக்கின்றார்.

1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காயலைப் பெரிய நகரமாகக் குறிப்பிடுகின்றார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் குதிரைகளோடு இங்கு வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாண்டிய நாடு உள்ளிட்ட இடங்களின் துறைகளுக்கு வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். அவ்வாணிகத்தின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகீயுத்தீன் பாண்டியரின் அமைச்சராக இருந்தார் என்றும், காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டன என்றும் அதே ஆசிரியர் கூறுகின்றார். பாண்டிய மன்னர் சமயத்தைப் பார்க்கவில்லை, நாணயத்தைப் பார்த்தார். நம் முன்னோரும் வாங்கிய நம்பிக்கையைக் காப்பாற்றினர். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த நம்பிக்கையே இன்று வரை நமக்குள்ள மூலதனம்.

கடற்கரையில் முத்தும் குதிரையும் என்றால், ஆற்றோரத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலையும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது நாம் அறிந்ததே. மேலே சேரன்மகாதேவிக்கு அருகில் பத்தமடையில் நம் சமுதாயத்துப் பெண்களும் ஆண்களும் நெய்யும் கோரைப் பாய் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கோரையும் இந்த ஆற்றின் ஈரத்தில் வளர்ந்ததுதான். நம் வீட்டுத் திருமணங்களில் மணமக்களுக்கு விரிக்கும் பாயிலும் பொருநையின் பங்கு உண்டு.

அணையும் கால்வாயும்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு பழமையானவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் 1869ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் பக்கிள் துரை. தூத்துக்குடியில் பக்கிள் ஓடை என்று இன்றும் வழங்குவது அவர் பெயரே. அணைக்கட்டின் வடகால் தூத்துக்குடிப் பக்கம் சென்று கோரம்பள்ளம் குளம் வரை பாய்கின்றது. தென்கால் நம் பக்கத்து வயல்களையும் கடம்பா குளத்தையும் நிறைத்துச் செல்கின்றது. மேலே மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்காலும் கீழக்காலும் பிரிகின்றன.

கால்வாயில் தண்ணீர் திறந்த செய்தி வந்தால் ஊர் முகமே மலர்ந்து விடும். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதே தேநீர்க் கடைப் பேச்சு. மடை திறப்பதிலும் முறை வைப்பதிலும் சச்சரவு வருவதுண்டு. பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பதும் உண்டு. தண்ணீருக்குச் சாதியும் சமயமும் கிடையாது. மேல்வயலுக்குப் பாய்ந்தால்தான் கீழ்வயலுக்கு வரும் என்ற ஒரு விதியே பலரையும் பேச்சு வார்த்தையில் வைத்திருந்தது.

ஆயினும் அண்மைக் காலத்தில் நாம் ஆற்றை நடத்திய விதம் பெருமைக்குரியதன்று. மணல் வரைமுறையின்றி அள்ளப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த முதுபெரும் பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு அவர்கள் நீதிமன்றப் படியேறி வழக்காடியதன் பயனாக, 2010ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அணைக்கட்டில் பல்லாண்டுகளாகப் படிந்த வண்டலை அள்ளும் பணியோ 2015ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே நடந்தது. ஆற்றைக் காக்கவும் நீதிமன்றம், தூர் வாரவும் தீர்ப்பாயம் என்றால், கரையில் குடியிருக்கும் நாம் எங்கே இருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

2023 டிசம்பர்

1992 நவம்பர் வெள்ளத்தை நம் நடுத்தர வயதினர் பலரும் கண்டிருக்கின்றனர். அதைவிடப் பெரிய வெள்ளம் தம் வாழ்நாளில் வராது என்று நினைத்திருந்தவர்கள், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திகைத்து நின்றனர். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்தது. குளக்கரைகள் உடைந்தன. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரம் தீவுகளாயின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அடுத்த தெருவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியவும் வழியில்லாத நாட்கள் அவை.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணும் சல்லியும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. அந்நேரத்தில் பணியிலிருந்து வண்டியை நிறுத்தி வைத்த நிலைய அதிகாரி நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர். ஏறத்தாழ 800 பயணிகளின் உயிர் அல்லாஹ்வின் அருளால் காப்பாற்றப்பட்டது. அடுத்திருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளுக்கும் ஆபத்து இருந்த வேளையில், கையிருப்பிலிருந்த அரிசியைத் திரட்டி அம்மன் கோயிலில் சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் கதவு திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களைத் தங்க வைத்தது. கோயிலில் சமைத்த சோற்றை உண்டவர்களிலும், பள்ளிவாசலில் படுத்துறங்கியவர்களிலும் யார் எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தாம் மட்டும் வயிறார உண்பவர் உண்மையான இறைநம்பிக்கையாளர் ஆகார் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை நாம் ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கின்றோம். அந்த நான்கைந்து நாட்களில் அதை நம் வட்டாரம் செயலில் கண்டது.

வெள்ளம் வடிந்த பிறகு

தண்ணீர் வடிந்ததும் வேறொரு துயரம் தொடங்கியது. வீட்டுக்குள் சேறு. பீரோவைத் திறந்தால் பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் குடும்ப அட்டைகளும் கூழாகிக் கிடந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரசு குடும்பத்திற்கு ரூ.6,000 நிவாரணம் அளித்தது; இழந்த சான்றிதழ்களைப் பெறச் சிறப்பு முகாம்களும் நடத்தியது. ஆனால் எந்த முகாமும் திருப்பித் தர இயலாத ஆவணங்கள் சில உண்டு. ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர்கள், பழைய வக்ஃபு எழுத்துகள், மையவாடிப் பதிவுகள், நம் பாட்டிமார் பெட்டிக்குள் பொதிந்து வைத்த அரபுத் தமிழ்க் கையெழுத்துகள் ஆகியவை ஒருமுறை நனைந்து அழிந்தால் அழிந்தவையே. கல்வெட்டும் கோபுரமும் கோயிலூரின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. நம் வரலாறோ பெரும்பாலும் காகிதத்திலும் முதியோர் நினைவிலும் மட்டுமே இருக்கின்றது. இரண்டும் தண்ணீருக்கும் காலத்திற்கும் எளிதில் இரையாகக் கூடியவை.

ஆகவே ஜமாஅத்தார் முன் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது, தஃப்தர்கள் அனைத்தையும் படியெடுத்து, ஒரு படியை ஊருக்கு வெளியே மேட்டுப் பகுதியில் பாதுகாக்க வேண்டும். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை வாசித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 2023 வெள்ளம் எத்தெருவில் எவ்வளவு உயரம் வந்தது என்பதைச் சுவர்களில் அடையாளமிட வேண்டும். இனி வீடு கட்டும் நம் பிள்ளைகளுக்கு அது எச்சரிக்கையாக அமையும்.

மூன்றாவது, ஒவ்வொரு தெருவிலும் தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் யார் யார் என்ற பட்டியல் மழைக்காலத்திற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அப்பட்டியலில் நம்மவர், பிறர் என்ற பிரிவு வேண்டியதில்லை.

நான்காவது, தண்ணீரைப் பற்றியது. ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளு செய்தாலும் வீண் விரயம் கூடாது என்று நம் மார்க்கம் கற்பிக்கின்றது. ஓடும் ஆற்றின் கரையிலேயே வாழும் நம்மை விட இப்போதனைக்கு உரியவர் வேறு யார்? குழாயைத் திறந்து விட்டுப் பேசிக்கொண்டு ஒளு செய்யும் வழக்கம் நீங்க வேண்டும். ஒளு செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தென்னைக்கும் வாழைக்கும் பாய வழி செய்யலாம். ஆற்றங்கரையில் குப்பை கொட்டுவதை நம் வீட்டளவிலேனும் இன்றே நிறுத்தலாம்.

கொற்கையைக் கடலிலிருந்து பிரித்ததும் இந்த ஆறே. காயலுக்கு வாழ்வு தந்ததும் இந்த ஆறே. நம் முற்றத்துக்குள் வந்து எச்சரித்துவிட்டுச் சென்றதும் அதுவே. துறைமுகங்கள் இடம் மாறின, அரசுகள் மாறின, அண்டை வீட்டாரோடு கொண்ட உறவு மட்டும் மாறாமல் நம்மைக் காத்து வந்திருக்கின்றது. நாம் பெற்றதைக் குறையாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்வது நம்மீது விழுந்துள்ள அமானிதமாகும்.

வல்ல அல்லாஹ் நம் ஊரையும் ஆற்றையும் ஊர் மக்கள் அனைவரையும் பேரிடர்களிலிருந்து பாதுகாப்பானாக! அந்த வெள்ளத்தில் உயிரையும் உடைமையையும் இழந்த குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பானாக! நம் நற்பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.