உழக்கு நெய் முதல் எஸ்.என்.எஃப். வரை: பாலை மதிப்பிட்ட முறைகளின் வரலாறு

ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகல் ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமானது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' இப்பகுதியின் பல்லவர் காலக் கற்களை ஒருசேரத் தந்தது. பல கற்கள் தொறுப்பூசலில், அதாவது மாட்டு மந்தையைக் கவரும்போதோ மீட்கும்போதோ, பட்டவர்களுக்கு நட்டவை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் இருக்கிறது; கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் பெயரைக்கூட மறக்காத அந்தக் கல்லுக்கு, மாடு எவ்வளவு கறந்தது என்பது பொருட்டில்லை. அங்கே மந்தைதான் செல்வம்.

கறவையின் பயனை அளவிட்டுச் சொல்பவை சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு ஈடு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. ஓர் எருமைக்கு மூன்று பசு! இன்றைய எருமைப்பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம், பசும்பாலில் ஏறக்குறைய 4. கொழுப்பு மட்டும் இந்த மூன்று மடங்கை விளக்காது. அக்காலப் பசு குறைவாகக் கறந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவரும் என்பது என் ஊகம். பால் அன்றே திரிந்துவிடும், நெய் நாள்பட நிற்கும். அதனால் பாலின் மதிப்பை நெய்யில் வைத்தது இயல்புதான்.

பால் விற்பனைக்கு வந்ததும் தண்ணீரும் கூடவே வந்தது. பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் சேர்த்தால் குறையும், அடர்த்தியை டிகிரியில் காட்டும் மிதவைக் கருவியான லாக்டோமீட்டர் கீழே இறங்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி ஏறும். ஆடையையும் எடுத்து, அளவாகத் தண்ணீரும் ஊற்றினால் டிகிரி சரியாகவே காட்டும். கருவியை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

கொழுப்பையே நேரடியாக அளந்து இந்த ஓட்டையை அடைத்தவர்கள் அமெரிக்காவில் பாப்காக் (1890), சுவிட்சர்லாந்தில் கெர்பர். கெர்பர் முறையில் பியூட்டிரோமீட்டர் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி அடைத்துக் குலுக்குவார்கள். அமிலம் புரதத்தைக் கரைக்கும், குழாய் கை சுடும், கலவை பழுப்பாகும். சுழலியில் சுற்றி எடுத்தால் குழாயின் மெல்லிய கழுத்தில் கொழுப்பு தெளிந்த மஞ்சளாக நிற்கும். கோட்டைப் பார்த்துச் சதவீதத்தைப் படித்துக்கொள்ளலாம்.

கொழுப்பை மட்டும் பார்த்து விலை வைத்தால், பசு வளர்ப்பவருக்கு நட்டம். கேசின், லாக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் விலையில்லாமல் போகும். 1981இல் கூட்டுறவு இணையமாக உருவான ஆவின் உள்ளிட்ட கூட்டுறவு அமைப்புகளின் விலைக்கணக்கில் ஃபேட்டோடு எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கிய திடப்பொருளும், சேர்ந்தது இதனால்தான். லாக்டோமீட்டர் டிகிரியையும் ஃபேட்டையும் ரிச்மண்ட் வாய்பாட்டில் போட்டு எஸ்.என்.எஃப். கண்டார்கள். தனியே நம்ப முடியாமல் போன கருவி, கொழுப்பளவின் துணையோடு பால் சொசைட்டிக்குள் திரும்ப வந்தது. இன்று பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்புத் தரம் கேட்பது 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 சதவீத எஸ்.என்.எஃப்.பும்.