றங்குப்பெட்டியில் ஒரு நத்தார் மடல்

வரலாற்றுச் சான்றுகள் எனும்போது கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே நம் நினைவில் முந்துவன. கொடிகாமத்தில் எமது வீட்டு றங்குப்பெட்டியிற் கிடக்கும் ஓர் அட்டையை அவ்வரிசையிற் சேர்க்கலாமா என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது. உள்ளங்கையளவான அவ்வட்டையின் முகப்பில் ஓர் ஒட்டகமும் இரண்டு பேரீச்ச மரங்களும் வரையப்பட்டுள்ளன. உள்ளே ஆங்கிலத்தில் அச்சிட்ட நத்தார் வாழ்த்து. அதன் கீழே பென்சிலால் இட்ட ஒரு கையொப்பம். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியப் படையின் துணைச்சேவைப் பிரிவொன்றிற் சேர்ந்து எகிப்துக்குச் சென்ற என் அம்மம்மாவின் மூத்த தமையனார், 1943ஆம் ஆண்டு ஊருக்கு அனுப்பிய மடல் அது.

எமது குடும்பம் சைவக் குடும்பம். நத்தார் எமக்குரிய பண்டிகையன்று. ஆயினும் பாசறையில் வழங்கப்பட்டது நத்தார் மடலே. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மடல் அச்சிட வேண்டுமென்று அப்படையிற் சிந்தித்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. கிடைத்ததை அவர் அனுப்பினார். வந்ததை வீட்டார் பேணினர். அவர் தம் கைப்பட எழுதிய கடிதங்களும் பல வந்தனவாம். அவற்றுள் ஒன்றேனும் இன்று இல்லை. மடல் மட்டும் எஞ்சியது ஏன் என்று அம்மம்மாவிடம் வினவினேன். "படம் இருந்தது, எறிய மனம் வரேல்லை. உறுதியளோடை வைச்சிட்டம்" என்பதே அவர் தந்த விடை.

அவ்விடையில் ஆராய்ச்சிக்குரிய செய்தி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தபின், போர் தென்மராட்சிக்குள் நகர்ந்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர். எம் வீட்டாராற் பெட்டியைத் தூக்கிச் செல்ல இயலவில்லை. காணி உறுதிகளைச் சுற்றிய துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டனர். உறுதிகளுக்கு இடையே இருந்தமையால் மடலும் உடன் சென்று உடன் மீண்டது. (இன்றுள்ள பெட்டி பின்னர் வாங்கியது, பழையது என்னவாயிற்று என்பதை அறியோம்.) அன்பினாற் பேணப்பட்டது என்று சொல்வது அழகாகத்தான் இருக்கும், ஆனால் காணியின் துணையாலேயே அது பிழைத்தது.

போர்க்கால நத்தார் மடல் குடும்பச் சொத்தாக மாறிய கதை எமது வீட்டுக்கு மட்டும் உரியதன்று. முதலாம் உலகப்போரின் தொடக்கத்திலேயே அது பேரளவில் நிகழ்ந்துவிட்டது. 1914 ஒக்டோபரில், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகளான இளவரசி மேரி, போர்முனையில் இருப்போர்க்கு நத்தார்ப் பரிசு அனுப்பவென ஒரு நிதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. திரண்ட பணம் 1,60,000 பவுணுக்கும் அதிகம். அப்பணத்தில், ஏறத்தாழ 5 அங்குல நீளமும் 3¼ அங்குல அகலமும் கொண்ட பித்தளைப் பெட்டிகள் செய்யப்பட்டன. மூடியில் இளவரசியின் தலையுருவமும் நேசநாடுகளின் பெயர்களும் புடைப்பாக அமைந்தன. புகையிலையும் சிகரெட்டும் புகைக்குழாயும் அவற்றோடு ஒரு வாழ்த்து மடலும் பரிசில் அடங்கின. போருக்குத் தோட்டா செய்யவும் பித்தளை வேண்டியிருந்தமையால் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1915 மே 7ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட லுசித்தானியாக் கப்பலோடு, பெட்டி செய்வதற்கென அமெரிக்காவில் வாங்கிய பித்தளையும் கடலுக்குள் ஆழ்ந்தது. நத்தாருக்குப் பின்னர் பரிசு பெற்றோருக்கு வெற்றிகரமான புத்தாண்டை வாழ்த்தும் மடல் வைக்கப்பட்டது. ஈற்றில் வழங்கப்பட்ட பரிசுகள் 25 இலட்சம் வரையாகும்.

நம் கவனத்துக்குரியது இந்தியப் படையினருக்கு அனுப்பிய பரிசின் அமைப்பாகும். கூர்க்காப் படையினர் ஆங்கிலேயர் பெற்றதையே பெற்றனர். சீக்கியர் புகைப்பதில்லையாதலின் அவர்களுக்குக் கற்கண்டும், வாசனைச் சரக்குகள் அடங்கிய தகரச் சிமிழும், மடலும் கொடுக்கப்பட்டன. ஏனைய இந்தியர்க்கு இவற்றோடு சிகரெட்டும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சமயத்தாரும் எதை உண்பர், எதை விலக்குவர் என்பதை இத்துணைக் கவனமாக வகுத்தவர்கள், மடலை மட்டும் வகுக்கவில்லை. இந்துவுக்கும் இசுலாமியனுக்கும் சீக்கியனுக்கும் சென்றது அதே நத்தார் மடலே. எம் வீட்டு மடலின் முன்னோர் இவை எனலாம்.

அப்பரிசு வந்த வேளையும் கருதத்தக்கது. இலாகூர், மீரட் ஆகிய இரு இந்தியப் படைப்பிரிவுகள் 1914 செப்டெம்பர் இறுதியிலிருந்து மார்செயில் துறைமுகத்தில் வந்திறங்கின. வடபிரான்சின் பனியும் சேறும் நிறைந்த பதுங்குகுழிகளில் அவை நிறுத்தப்பட்டன. டிசெம்பர் 20ஆம் நாளையொட்டிக் கிவென்சியில் நிகழ்ந்த சண்டையிற் பெரும் இழப்பு நேர்ந்தது. அதன்பின் சில நாளிலே நத்தார்; மன்னரும் அரசியாரும் தம் உருவப்படங்களோடு, இறைவன் காத்து நலமே வீடு சேர்ப்பானாக என்ற பொருளில் அனுப்பிய மடலும் அவ்வமயத்திலே வழங்கப்பட்டது. கையெழுத்துப்போலத் தோன்றும் அவ்வாசகம் அச்சுப்படியே. பலர் அதை மன்னர் தம் கையால் எழுதியதாகவே எண்ணிப் போற்றியிருப்பர் என்று கருதுகின்றேன். எழுதத் தெரியாத வீடுகளில் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு அத்தகையது.

சிப்பாய்களும் எழுதினர், எழுத்தறியாதோர் அறிந்தோரைக்கொண்டு எழுதுவித்தனர். அக்கடிதங்கள் நேரே ஊருக்குச் செல்லவில்லை. இந்தியத் தபால்களைத் தணிக்கை செய்யவென பிரான்சில் ஒரு பணிமனை நிறுவப்பட்டது. ஹவல் என்ற அதிகாரி அதனை நடத்தினார். உருது, பஞ்சாபி, இந்தி முதலாய மொழிகளில் எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்த பகுதிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இலண்டனுக்கு அறிக்கையாக அனுப்பப்பட்டன. அவ்வறிக்கைகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. 1999இல் டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். தணிக்கையை அறிந்திருந்த சிப்பாய்கள் மறைமொழியும் கையாண்டனர். கரிய மிளகு என்றால் இந்தியப் படையினர். சிவந்த மிளகு என்றால் வெள்ளையர். எந்த மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால் ஊரில் உள்ளவர் விளங்கிக்கொள்வர். தணிக்கையாளரும் விளங்கிக்கொண்டனர் என்பதை அவ்வறிக்கைகளே காட்டுகின்றன. வாசனைச் சரக்கைச் சிமிழில் அடைத்து அனுப்பிய அரசு, கடிதத்தில் வந்த மிளகை இவ்வாறு எண்ணிப்பார்த்துக் கொண்டிருந்தது!

இங்கேதான் ஒரு தலைகீழான நிலையைக் காண்கிறோம். மன்னரின் வாசகம் சிப்பாயின் வீட்டிற் பேணப்பட்டது. சிப்பாயின் வாசகமோ, அதுவும் பிறமொழியில் பெயர்க்கப்பட்டு, மன்னரின் நகரிற் பேணப்பட்டது. வீட்டுக்கு வந்த கடிதங்களுட் பல கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகியிருக்கும். நமது சிப்பாய் என்ன நினைத்தான் என அறிய விரும்பும் ஆராய்ச்சியாளன், அவனை வேவு பார்த்தவனுக்கே நன்றி கூறவேண்டியவனாக உள்ளான். இதனை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, மறுக்கவும் வழியில்லை.

எமது மடலுக்கு மீள்வோம். அது வந்த காலத்தில் யாழ்ப்பாணத்து நிலை யாது? 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்போடு இணைந்த காலந்தொட்டே, ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகப் பணியாற்றினர். மலாயாக் காசினாற் கட்டிய கல்வீடுகள் குடாநாடெங்கும் எழுந்தன. 1941 டிசெம்பர் 8ஆம் நாள் யப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அத்துடன் கடிதமும் காசும் நின்றன. 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் மீளும்வரை, மகனோ கணவனோ உயிரோடு உள்ளானா என்பதை அறியாத வீடுகள் பல. எமது ஒழுங்கையிலும் அத்தகைய வீடுகள் இருந்தன. தபாற்காரர் எம் வீட்டுப் படலையிலே நின்ற நாளில், அயலார் வந்து அம்மடலைக் கையில் வாங்கிப் பார்த்தனர் என்று அம்மம்மா கூறுவார். அவருக்கு அப்போது எட்டு வயது. ஒட்டகத்தைப் பார்க்கவே வந்தனர் என்று அவர் நம்பியிருந்தாராம்.

ஒட்டகத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. தான் எங்குள்ளேன் என்று படையினன் வெளிப்படையாக எழுத இயலாது. ஆனால் மணலும் பேரீச்சையும் கண்ட தந்தையார், மகன் கிழக்கே யப்பானியர் முனையில் இல்லை, மேற்கே உள்ளான் என்று தெளிந்தார். பென்சில் சொல்லாததைப் படம் சொல்லிற்று. அந்தத் தமையனார் 1946இல் மீண்டு வந்தார். போரைப்பற்றி அவர் வீட்டில் எதுவும் பேசியதில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் அச்சு நூல்களோடு கையெழுத்து ஆவணங்களையும் படியெடுத்து வைக்கின்றனர். இம்மடலையும் படியெடுக்கலாமா என்று கேட்டபோது அம்மம்மா முதலில் மறுத்தார். "உறுதியையுமோ படமெடுக்கப் போறியள்?" என்று அஞ்சினார். உறுதி வேண்டாம் என்று தெளிவித்த பின்னரே பையை அவிழ்த்தார்.

முகப்பையும் உட்பக்கத்தையும் படமெடுத்தபின் அட்டையைத் திருப்பினேன். பின்புறத்தில், பென்சிலால், வேறொரு கையெழுத்தில், தேங்காய்க் கணக்கு எழுதப்பட்டிருந்தது: கொடிகாமச் சந்தைக்குக் கொடுத்தது இத்தனை, வீட்டுக்கு வைத்தது இத்தனை என்று. அது தம் தாயாரின் கையெழுத்து என்றார் அம்மம்மா. அவர் எழுதி எஞ்சியது அது ஒன்றுதானாம். அதனையும் படமெடுத்தோம்.