கம்பளிக் கடன்

இலங்கையில், பெரகலையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் பெருந்தெருவில் அமைந்த ஹல்துமுல்லையின் மலைச்சரிவுகளில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும் வரையில் பனிமூட்டமும் ஈரக்காற்றும் எளிதில் விலகமாட்டா. இப்பிரதேசத்துச் சரித்திரம் கூறுவோர் கோப்பியையும் தேயிலையையும் துரைமாரையும் விஸ்தாரமாக வர்ணிப்பார்களேயன்றி, அக்குளிரைத் தாங்கிய தேகங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய உஷ்ணப் பிரதேசங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறிய ஜனங்களுக்கு, மேலிருந்த வஸ்திரத்தைத் தவிரக் குளிருக்கு வேறு ஆதரவு இருக்கவில்லை. அவர்களுக்குக் கம்பளி கொடுக்கப்பட்டதுண்டு. ஆனால் வழிச்செலவோடும் அரிசியோடும் அதன் விலையும் அவர்கள் பேரில் பற்றெழுதப்பட்டது.

பகலில் அக்கம்பளியே கொழுந்து பறிப்பவளின் தலையில் கொங்காணியாகி மழையை ஏற்றது. இரவில் அதுவே, ஈரம் உலராமலே, குழந்தைகளுக்குப் போர்வையாயிற்று. லயம் என்னும் வரிசைவீட்டுக் காம்பராவில் புகைபோக்கியின்றி எரிந்த அடுப்பு, அனலைத் தந்த அளவுக்கு நெஞ்சையும் கெடுத்தது. கொக்கிப் புழுவினால் இரத்தம் குன்றிய தேகத்தில் சளிசுரம் எளிதில் இறங்கிற்று. 1872ஆம் ஆண்டில் தோட்டங்களின் வைத்திய வசதிக்கெனச் சட்டம் பிறந்த பின்னரும், பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்கு வராதவனுக்குப் பேர், அதாவது அன்றைய கூலி, விழாது என்ற நியதியினால், காய்ச்சலோடு மலைக்குப் போனவர் அநேகர்.

கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. எனினும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கி, நல்ல வீட்டையும் வைத்தியத்தையும் வாக்கின் பலத்தால் கேட்டுப்பெறும் வழியை அடைத்துவிட்டது. லயங்கள் அப்படியே நின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அதே மழைக்காலமே அவர்களை வேறு விதத்தில் பலிகொண்டது.

ஆகையால், இம்மலைவாசிகளின் சளியையும் இளைப்பையும் மருந்துச் சீட்டோடு முடித்துவிடலாகாது. ஆபத்தில்லாத நிலத்தில், உலர்ந்த தரையும் ஜன்னலும் புகைபோக்கியும் அமைந்த வீட்டையும் அந்நிலத்தின் உறுதியையும் அவர்களுக்கு உரிமையாக்குவதே, இவ்வளவு காலம் வேலை வாங்கிய தேசம் செய்யவேண்டிய முதற் சிகிச்சை.