காமா முதல் திலாசா வரை: மும்பை ஆஸ்பத்திரிகள் கேட்க மறந்த ஒரு கேள்வி



சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறங்கி மெட்ரோ சினிமா பக்கம் நடக்கிறவர்கள் காமா மருத்துவமனையை ஒரு தடவையாவது கடந்திருப்பீர்கள். 2008 நவம்பர் 26 இரவுக்குப் பிறகு அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரியும். தீவிரவாதிகள் உள்ளே நுழைந்தபோது, கர்ப்பிணிகளை ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் காப்பாற்றியவர்கள் அங்கிருந்த செவிலியர்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் கதை அதற்கு 122 வருஷம் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. பெண்களின் வைத்தியத்தில் மருந்து எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

1880களில் பம்பாயில் நிறைய வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். காட்ட விடவும் மாட்டார்கள். பெண் டாக்டரோ கிடையாது. ஜார்ஜ் கிட்ரெட்ஜ் என்ற அமெரிக்க வியாபாரியும் சொராப்ஜி ஷாபுர்ஜி பெங்காலி என்ற பார்சிப் பெரியவரும் சேர்ந்து இதற்கென்று நிதி திரட்டினார்கள். பெஸ்டோன்ஜி காமா ஆஸ்பத்திரி கட்டப் பணம் கொடுத்தார். பெண்களுக்காகப் பெண் டாக்டர்களே நடத்தும் ஆஸ்பத்திரி என்பது திட்டம். 1886ல் திறந்தார்கள். (நம் சென்னை இதில் ஒரு படி முன்னால். 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள்.)

காமாவுக்குத் தலைமை ஏற்க 1883ல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் எடித் பீச்சி. 1869ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போராடி நுழைந்த ஏழு பெண்களில் ஒருவர். வேதியியல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றார். பெண் என்பதால் அதை அவருக்குக் கீழே வந்த மாணவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் பம்பாய் வந்து ஒரு விஷயத்தைப் பார்த்தார். தன்னிடம் வரும் பெண்களில் பலருடைய நோய் உடம்பில் தொடங்கவில்லை, வீட்டில் தொடங்கியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம், உடம்பு முதிரும் முன் பிரசவம். இதற்கு எந்த மருந்தை எழுதிக் கொடுப்பது? 1890ல் குழந்தைத் திருமணத்தை எதிர்த்து பம்பாய் இந்துக்களிடம் வெளிப்படையாகவே பேசினார்.

அவர் துணை நின்ற ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் ருக்மாபாய். பதினொரு வயதில் கல்யாணமாகி, தாய் வீட்டிலேயே வளர்ந்தவர். கணவன் வந்து கூப்பிட்டபோது போக மாட்டேன் என்றார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 1885ல் தீர்ப்பு அவர் பக்கம். 1887ல் தீர்ப்பு மாறியது: கணவனிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் அந்த இளம்பெண்! கடைசியில் 1888ல் பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. அடுத்த வருஷம் லண்டனுக்குக் கப்பல் ஏறி, டாக்டராகத் திரும்பி வந்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1955ல் இறந்தார். அந்த வழக்கு கிளப்பிய விவாதமும் சேர்ந்துதான் 1891ம் வருஷச் சட்டம் வந்தது. பெண்ணின் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டானது. பன்னிரண்டு! அதற்கே அவ்வளவு எதிர்ப்பு.

ஆக, பெண் டாக்டர் கிடைத்தார். அடுத்து வேண்டியது அறிவு. அதை எடுத்துக்கொண்டவர் டாக்டரே இல்லை, கணக்கு வாத்தியார். ரகுநாத் தோண்டோ கார்வே. மகரிஷி கார்வேயின் மகன், வில்சன் கல்லூரிப் பேராசிரியர். 1921ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். அதே வருஷம்தான் லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் திறந்தார். எத்தனை பிள்ளை, எப்போது என்பதில் பெண்ணுக்குச் சொல் வேண்டும் என்று பேசியதற்காக கார்வேக்குக் கல்லூரி வேலை போனது. 1927ல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாதப் பத்திரிகை தொடங்கினார். வாசகர்கள் யாரிடமும் கேட்க முடியாத உடம்புச் சந்தேகங்களை எழுதிக் கேட்பார்கள், இவர் நேராகப் பதில் சொல்வார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934ல் அவருக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. கார்வே அபராதம் கட்டினார், பத்திரிகையை நிறுத்தவில்லை. 1953ல் இறக்கும் வரை நடத்தினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. அங்கே ஒரு கோணல் நடந்தது. சொல்லிப் புரிய வைப்பது போய், எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. ஊழியருக்கு இத்தனை கேஸ், மாவட்டத்துக்கு இத்தனை ஆபரேஷன். டார்கெட் என்றால் என்ன என்று பேங்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மார்ச் மாதம் எங்கள் கிளைகளுக்கு வந்து பாருங்கள். எதிரில் இருப்பவர் மனுஷராகத் தெரிய மாட்டார், நம்பராகத்தான் தெரிவார். கடனுக்கே அப்படியென்றால் பெண்ணின் கர்ப்பப்பைக்கு எப்படி இருந்திருக்கும்? 1996ல்தான் அந்த டார்கெட்டுகளை நாடு முழுக்க எடுத்தார்கள்.

இவ்வளவு நடந்தும் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே இருந்தது. "வீட்டில் என்னம்மா நடந்தது?"

கை உடைந்து வருவாள். "கீழே விழுந்துட்டேன்" என்பாள். கட்டுப் போட்டு அனுப்புவார்கள். மூன்று மாதத்தில் மறுபடி வருவாள், மறுபடி கட்டு. மருந்தைக் குடித்துவிட்டு வருவாள். "தவறுதலாக" என்று கேஸ் பேப்பரில் ஏறும். வயிற்றைக் கழுவி அனுப்புவார்கள். வைத்தியத்தில் குறையில்லை. ஆனால் அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு.

2000ல் பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் மும்பை மாநகராட்சியும் 'சேஹத்' என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 'திலாசா'வைத் தொடங்கின. திலாசா என்றால் தேற்றுதல், தைரியம் சொல்லுதல். அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே, வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காக இந்தியாவில் அமைந்த முதல் மையம் இதுதான். வெளியே போர்டு மாட்டிக் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு எல்லாப் பெண்களும் ஒரு நாள் வந்தே தீருவார்கள். அதனால் டாக்டர், நர்ஸ், வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடிக்கடி காயம், காரணம் தெரியாத உடம்பு வலி, மருந்து குடித்த கேஸ் என்றால் கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

தனி அறையில் ஆலோசகர் முதலில் செய்வது கேட்பது. இது உன் தப்பில்லை என்பது. சேர்ந்து வாழ் என்றோ பிரிந்து போ என்றோ தீர்ப்புச் சொல்வதில்லை, முடிவு அவளுடையது. ஆனால் அடுத்த தடவை நிலைமை மோசமானால் யார் வீட்டுக்குப் போவது, எந்தக் காகிதங்களை எடுத்து வைப்பது என்று உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். அன்றிரவு வீடு ஆபத்து என்றால் வார்டிலேயே படுக்கை உண்டு. காயத்தின் உண்மைக் காரணம் கேஸ் பேப்பரில் ஏறும், நாளைக்குக் கோர்ட்டில் அதுதான் சாட்சி. பிறகு இந்த ஏற்பாடு மும்பையின் வேறு மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. கேரளத்தில் 'பூமிகா' என்ற பெயரில் வந்தது. 2005ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 1886க்கும் 2000க்கும் நடுவே 114 வருஷம். அறுவை சிகிச்சை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் வந்த பிறகுதான் ஒரு நாற்காலியைப் போட்டு "சொல்லும்மா" என்று கேட்க நமக்குத் தோன்றியிருக்கிறது.

இதை நம் ஆட்கள் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் இந்தியாவில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். ஊரில் என்றால் அடுத்த தெருவில் அம்மா, இல்லை ஒரு சித்தி. டோம்பிவிலிக்கோ புனேக்கோ கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு யார்? ஹிந்தியோ மராத்தியோ வராது என்று டாக்டர் எதிரில் கணவனோ மாமியாரோ மொழிபெயர்க்கிறார்கள். அடித்தவரே மொழிபெயர்த்தால் அவள் என்ன சொல்ல முடியும்? அடி உதை இல்லாத வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை பெற்ற பெண் காரணமில்லாமல் அழுதால் "கொழுப்பு" என்கிறோம். 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி இந்தியாவில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு 22 சதவீதத் தாய்மார்களுக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல்.

ஆகவே அடுத்த முறை நம் வீட்டுப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, பத்து நிமிஷம் அவளைத் தனியாகப் பேச விட்டு நாம் வெளியே உட்காருவோம். மொழி தெரியாதென்றால் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்போம். கேரள, தமிழ் நர்ஸ்கள் இல்லாத ஊர் உண்டா என்ன? 2022ல் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் அவள் போனில் போட்டு வையுங்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு மையம் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். படிக்கிற யாருக்காவது உதவும்.