பள்ளி என்னும் சொல்

பண்ணைப்புரம் அடங்கிய வட்டத்தின் தலைநகரான உத்தமபாளையத்தை, 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியால் நம்மவர் நன்கறிவர். அவ்வூரருகே கருப்பணசாமி பாறையில் ஆயிரமாண்டுப் பழமையுடைய வேறொரு நினைவும் உண்டு. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் சமணர் அங்கே பார்சுவநாதர், மகாவீரர் முதலிய தீர்த்தங்கரர் உருவங்களை இரு வரிசையாகச் செதுக்கினர். அவற்றின் கீழே வட்டெழுத்துகள் உள்ளன. மதுரை ஆனைமலையில் காணப்படும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இங்கும் பொறிக்கப்பட்டுள்ளது.

நாளடைவில் பாண்டி நாட்டில் சமணம் தேய்ந்தது, துறவியரும் மறைந்தனர். இன்று அப்பாறையடியில் மக்கள் கருப்பணசாமியை வழிபடுகின்றனர்.

சமணத் துறவியர் உறைந்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அச்சொல் மட்டும் அவர்களோடு மறையவில்லை. மக்கள் பயிலுமிடம் பள்ளிக்கூடமாயிற்று. ஐவேளையும் நாம் தொழுமிடம் பள்ளிவாசலாயிற்று. மஸ்ஜித் என்னும் அரபுச் சொல்லை அறிந்த நம் முன்னோர், இத்தமிழ்ச் சொல்லையும் தயங்காமல் தமதாக்கிக்கொண்டனர்.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு ஏவுவது நம் மார்க்கம். அப்பாறைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அதில் பெயர் கிறுக்காது, அவ்வெழுத்துகளைக் கருத்தோடு பார்க்கட்டும். நாள்தோறும் நாம் நாவாரச் சொல்லும் சொல்லை முன்பு வழங்கியவர்களின் கையெழுத்தன்றோ அது!