அப்பா ஒத்து, நான் ஜால்ரா

எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். எரிச்சல் கூடினால் ‘ஜால்ரா’ என்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டுமே தொழில். அப்பா ஒத்து ஊதினார். எட்டு வயதில் நான் அவர் பக்கத்தில் நின்று ஜால்ரா தட்டினேன். 1950களின் நடுவில், கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் எங்கள் இருவரையும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

மேளம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். ஒத்தும் பார்வைக்கு நாயனம்தான். விரல் வைக்கத் துளை மட்டும் இருக்காது. அடியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அப்புறம் விடிய விடிய அந்த ஒரே ஷட்ஜம். மூச்சு அறுந்தால் நாயனக்காரர் திரும்பி முறைப்பார். அதனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் இழுத்துக்கொள்ள வேண்டும். பப்பாளித் தண்டைத் தண்ணீரில் விட்டு, குமிழி அறாமல் ஊதிப் பழகினாராம் அப்பா. என்னையும் பழக்கிப் பார்த்தார். நான் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம்.

ராத்திரி மல்லாரியோடு சாமி கிளம்பும். நாலு வீதியையும் சுற்றி வந்து சேரக் கோழி கூப்பிட்டுவிடும். தூக்குகிறவர்கள் சந்திக்குச் சந்தி நிற்பார்கள். சாமி நின்றால் வாசித்துத்தானே ஆக வேண்டும்? ராக ஆலாபனை அத்தனை விஸ்தாரமாக வளர்ந்தது இந்த நிதானத்தில்தான் என்பது என் கட்சி. சபாக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஜி.என்.பாலசுப்ரமணியம் போன்ற பெரிய பாடகரே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் சொக்கிப்போனவர். அவருடைய பாட்டில் நாயனப் பிடிகள் வந்து விழுவதைக் காதுள்ளவர்கள் கேட்கலாம்.

பிள்ளைவாள் 1898இல் பிறந்தவர். சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி வாசித்த வித்துவான்களைப் பார்த்துப் பழகிய ஊரில் அவர் கிராப்பு வைத்து, கோட்டு மாட்டி, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். மணிக்கணக்கில் நீண்ட அவருடைய தோடியை இசைத்தட்டுக்காரர்கள் பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சமாக நறுக்கி அடைத்தார்கள். அந்த நறுக்குக்கே டீக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். டம்ளர் ஆறிப்போவது தெரியாமல் அப்பாவும் நிற்பார்.

அந்தக் காலத்து நாயனம் திமிரி. குட்டை, நாலு, நாலரைக் கட்டைச் சுருதியில் கூவும். வெட்டவெளியில் அரை மைலுக்குக் கேட்கும். ஆனால் சுத்த மத்திமத்தைச் சுத்தமாகப் பிடிப்பது கஷ்டம். உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். 1955இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பிள்ளைவாளுக்காக நீளமான பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். மரம், ஆச்சா. அதுவும் புதுமரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது விழும் உத்தரமாகத் தேடி எடுப்பார்கள். பல வருஷம் காய்ந்த மரத்துக்குத்தான் வெடிப்பு வராது. பாரியில் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. மத்திமம் கேட்ட இடத்தில் நின்றது. அடுத்த வருஷம் டிசம்பரில் பிள்ளைவாள் போய்விட்டார். சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வாசித்தபோது, கோயில் வாசலை மிதிக்காதவர்கள் காதிலும் நாயனம் விழுந்தது.

நாலரைக் கட்டைக்கு அடைத்த ஒத்து பாரியோடு சேருமா? தம்பூரா ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது. பிறகு சுருதிப்பெட்டி, அதற்கும் பிறகு மின்சாரப் பெட்டி. அதற்குச் சாப்பாடு வேண்டாம், வெற்றிலை வேண்டாம், விடிகாலை பஸ்சுக்குக் காசு வேண்டாம். அப்பாவுக்கு அழைப்பு குறைந்து, ஒருநாள் நின்றது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாரியைக் கேட்டுவிட்டு வந்த ராத்திரி, அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, “இப்பத்தான்டி நாயனம் பேசுது” என்றார்.

ஒத்து பரணில் கிடக்கிறது, மெழுகு அடைத்தபடியே. ஜால்ராவை ஒரு மார்கழியில் பஜனைக்காரர்கள் இரவல் வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை.