மைக் இல்லாத காலத்து ராக் ஸ்டார்

ராக் கச்சேரி என்றாலே ஸ்டேடியம், ஆள் உயர ஸ்பீக்கர், தொண்டை கிழியக் கத்தும் ரசிகர் கூட்டம்தான் ஞாபகம் வரும். 1965 ஆகஸ்ட் 15-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியதை இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி என்பார்கள். 55,000 பேருக்கு மேல் கூட்டம். பாடியது என்னவோ அரை மணி நேரம்தான். ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாட்டே சரியாகக் கேட்கவில்லை!

அதற்கு நாற்பது வருஷம் முன்னால் நம்ம பக்கத்திலும் ஒரு ஸ்டார் இருந்தார்.

தென்காசியிலிருந்து 8 கி.மீ., குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் செங்கோட்டை. அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. அங்கே 1906-ல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. சின்னப் பையனாகவே நாடக மேடை ஏறியவர். கன்னையா கம்பெனியில் பெரிய பெயர் வாங்கினார். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். பிறகு கே.பி. சுந்தராம்பாள் ஜோடி சேர, 'வள்ளி திருமணம்' போட்டால் கொட்டகை நிரம்பி வழியும்.

அந்த ராத்திரிகளைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் நாடகம் முடிய விடிந்துவிடும். மைக் கிடையாது. தரை டிக்கெட்காரனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். அதனால்தான் நாடக நடிகர்கள் உச்ச ஸ்ருதியில் பாடினார்கள். அதில் கிட்டப்பாவை மிஞ்ச ஆள் இல்லை என்பது அந்தக் கால ரசிகர்கள் சொல்லிச் சொல்லி வந்த சேதி.

பாடும்போது கூட்டம் மூச்சுக் காட்டக் கூடாது. முடிந்ததும் 'ஒன்ஸ்மோர்' சத்தம் கூரையைப் பிய்க்கும். கதை அப்படியே நிற்கும், பாட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஷே ஸ்டேடியத்து ரசிகன் கத்தியே பாட்டை மூழ்கடித்தான். நம்ம ஊர் ரசிகன் வாயை மூடிக்கொண்டு பாட்டைக் காப்பாற்றினான். ஒரு தொண்டை எட்டும் தூரம்தான் அன்றைக்குக் கூட்டத்தின் எல்லை. ஸ்பீக்கர் வந்ததும் அந்த எல்லை போனது. கூடவே அந்த அமைதிக்கு இருந்த அவசியமும் போனது.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன் மூன்று பேரும் 27 வயதில் போனவர்கள். ராக் ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கும் வயது 27 தான்! சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையை 1980-ல் தான் சாகும்வரை அவர் மாற்றவில்லை.

முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல். கிட்டப்பா சினிமாவில் நடிக்காமலே போய்விட்டார். ஷே ஸ்டேடியம் கச்சேரியை இன்றைக்கும் படமாகப் பார்க்கலாம். கிட்டப்பாவின் ஒரு ராத்திரி கூட நமக்கு இல்லை. மிச்சம் இருப்பவை சில இசைத்தட்டுகள்தான், பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்.

விடிய விடியக் கேட்டவர்களுக்கு அந்த மூணு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? 'எவரனி' இசைத்தட்டு கிடைத்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இரைச்சலையும் மீறி அந்தக் குரல் மேலே ஏறும்போது கடைசி வரிசை ரசிகனை நினைத்துக்கொள்ளுங்கள்.